காலும் நாலேகாலும்

விலைவாசி: வாசகர் கேள்வி – பதில்
மத்தியப் புள்ளியியல் துறையில் கடை கடையாக ஏறி இறங்கி விலை சேகரித்து, ஓய்வு பெற்று மதுரையில் வசிக்கும் முன்னாள் அலுவலர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அம்மா, 2025 அக்டோபரில் பணவீக்கம் வெறும் 0.25 சதவீதம், இந்த விலைக் குறியீட்டெண் தொடர் தொடங்கியதிலிருந்து இதுதான் மிகக் குறைவு என்று செய்தியில் படித்தேன். எங்கள் வீட்டில் அதற்கு முந்தைய அக்டோபரில் 24,000 ரூபாயில் முடிந்த மாதம் இந்த முறை 25,700 ஆகிவிட்டது. துணி, செல்போன், விசேஷம் எதையும் இதில் சேர்க்கவில்லை. கணக்கு நோட்டின் பக்கங்களை நகலெடுத்து அனுப்பியிருக்கிறேன். யார் கணக்கு தப்பு?
– இல்லத்தரசி, திண்டுக்கல்

பதில்: யார் கணக்கும் தப்பில்லை. கேள்விதான் வேறு வேறு. உங்கள் நோட்டு, கையை விட்டுப் போன பணத்தைச் சொல்கிறது. அரசின் எண்ணோ, அதே சரக்கை அதே அளவில் வாங்கினால் எவ்வளவு கூடுதலாகும் என்பதைச் சொல்கிறது. உங்கள் செலவு ஏழு சதவீதத்துக்குச் சற்று மேலே ஏறியிருக்கிறது. அந்த 1,700 ரூபாயும் விலை உயர்வா என்றால் இல்லை. நீங்கள் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கும் குறிப்புகள்தான் இதைப் பிரித்துப் பார்க்க உதவின. இப்படி எழுதுகிற ஒருவர் என்னோடு பணியில் இருந்திருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

மாமியாரின் மருந்து 1,600இலிருந்து 2,300 ஆனது. ஓரத்தில் ‘சர்க்கரைக்குப் புது மாத்திரை’ என்று இருக்கிறது. பழைய மாத்திரைகளை மட்டும் கூட்டினால் 1,680தான். விலை கூடியது 80 ரூபாய்; மற்ற 620 நோய் கூடியதால் வந்தது. பெட்ரோல் 1,200இலிருந்து 1,500. பெட்ரோல் விலை 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் குறைந்த பிறகு 2025 அக்டோபர் வரை அநேகமாக அசையவே இல்லை. உங்கள் கணவருக்கு வேலையிடம் தூரமாகிவிட்டது, அவ்வளவுதான். கேஸ், மின்சாரம் இரண்டும் சேர்ந்து 1,300இலிருந்து 1,400. இதில் 2025 ஏப்ரலில் சிலிண்டருக்கு ஏற்றிய 50 ரூபாய் மட்டுமே விலை. மீதி, மின்விசிறி கூடுதல் நேரம் ஓடியது.

இதுவரை சொன்னது, செலவு பெரிதாகவும் விலை உயர்வு சிறிதாகவும் இருக்கும் பக்கம். இதற்கு நேர்மாறான பக்கம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் குடும்பத் தலைவிகள் கவனிப்பதில்லை. பாலுக்கு அன்றும் 1,800, இன்றும் 1,800. ஏறவே இல்லை என்று நினைத்தால் ஏமாந்து போவோம். ‘பாக்கெட் மாற்றியாகிவிட்டது’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கெட்டியான பாலை விட்டு, கொழுப்பும் விலையும் குறைந்த பாலுக்கு இறங்கியிருக்கிறீர்கள். பழைய பாலையே வாங்கியிருந்தால் 1,890 ஆகியிருக்கும். மளிகையில் இன்னும் வேடிக்கை: 5,200 இருந்தது 5,100 ஆகக் குறைந்திருக்கிறது! பட்டியலைப் பார்த்தால் இரண்டு லிட்டர் தேங்காய் எண்ணெய் இருந்த இடத்தில் ஒரு லிட்டர்தான் இருக்கிறது. 2025இல் தேங்காய் எண்ணெய் விலை போன போக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. நாடே கால் சதவீதத்தில் இருந்த அந்த அக்டோபரில் கேரளத்தின் பணவீக்கம் 8 சதவீதத்தைத் தாண்டியதில் தேங்காய் எண்ணெய்க்கும் பங்கு உண்டு. துவரம்பருப்பு இறங்கியதைக் கழித்துவிட்டு, பழைய பட்டியலை அப்படியே வாங்கியிருந்தால் மளிகைக்கு 5,400 ஆகியிருக்கும். காய்கறி, பழம் 2,400இலிருந்து 2,000. விலை இறங்கியதும் கொஞ்சம் தாராளமாக வாங்கியிருக்கிறீர்கள். பழைய அளவுக்கு 1,900 போதும். வாடகையில் கூடிய 500, மாதக் கணக்கில் பள்ளிக் கட்டணத்தில் கூடிய 600 இரண்டும் அப்பட்டமான விலை உயர்வு.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் 1,020 ரூபாய். 24,000க்கு 1,020 என்றால் நாலேகால் சதவீதம். செலவு ஏழு, விலை நாலேகால், அரசின் எண் கால். நீங்கள் சண்டை போட வேண்டியது நாலேகாலை வைத்துக்கொண்டு. ஏழு சதவீதத்தை வைத்துக்கொண்டு போனால் என் பழைய அலுவலகத்தில் எவரும் அசைய மாட்டார்கள்.

காலுக்கும் நாலேகாலுக்கும் நடுவில் இருப்பது பங்குக் கணக்கு. அந்த 0.25 வந்த தொடரில், அதாவது 2012இன் விலையை 100 என்று வைத்து மாதாமாதம் போட்டுவந்த குறியீட்டெண்ணில், 100 ரூபாய்ச் செலவில் உணவுக்கும் பானங்களுக்கும் 45 ரூபாய் 86 பைசா, கல்விக்கு 4 ரூபாய் 46 பைசா. இவை 2011-12இல் நாடு முழுவதும் குடும்பங்களிடம் கேட்டறிந்த செலவை வைத்துப் போட்ட பங்குகள். உங்கள் வீட்டில் பள்ளிக் கட்டணம் மட்டுமே நூற்றுக்குப் பதினாலரை ரூபாய். வாடகை 29 ரூபாய். நாட்டில் காய்கறி விலை ஒரே வருடத்தில் 27 சதவீதத்துக்கு மேலும், பருப்பு 16 சதவீதமும் இறங்கியபோது, அந்த 46 ரூபாய் உணவுப் பங்குதான் மொத்த எண்ணையும் கீழே இழுத்துப் போட்டது. உங்கள் வீட்டில் காய்கறிக்கு இருக்கும் பத்து ரூபாய்ப் பங்கால், வாடகையையும் பள்ளிக்கூடத்தையும் எதிர்த்து இழுக்க முடியவில்லை.

காய்கறி மலிந்த கதையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2024 அக்டோபரில் அது முந்தைய வருடத்தைவிட 42 சதவீதம் ஏறியிருந்தது. 2023இல் 100 ரூபாய்க்கு வாங்கிய காய் 2024இல் 142, 2025இல் 103. ஆக, காய்கறி மலிந்துவிடவில்லை. அதற்கு முந்தைய வருடத்தின் அநியாயம் நீங்கியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பங்குகளைப் போடும்போது குடும்பத்துக்கு ஒரு ஓட்டு கிடையாது, ரூபாய்க்கு ஒரு ஓட்டு. மாதம் ஒன்றரை லட்சம் செலவழிக்கும் வீட்டின் பழக்கவழக்கம் உங்கள் வீட்டைப் போல ஆறு மடங்கு கணக்கில் ஏறும். 2022-23 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு நகரங்களில் ஆள் ஒன்றுக்கு மாதச் செலவு சராசரியாக 7,630 ரூபாய், கிராமங்களில் 5,310. ஐந்து பேர் இருக்கும் உங்கள் வீட்டில் அது 4,800. விட்ட செலவுகளைச் சேர்த்தாலும் நகரச் சராசரியை எட்டுவது கடினம். அந்தச் சராசரிக் குடும்பம் எந்தத் தெருவில் குடியிருக்கிறது என்று எனக்கும் தெரியாது. பணியில் இருந்தவரை ஒரு நாளும் அதன் கதவைத் தட்டியதில்லை.

கேள்வி: ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு இஷ்டத்துக்கு எழுதும் எண்தானே இது? அரசு பொய் சொல்கிறது என்று நேராகச் சொல்ல உங்களுக்கு என்ன தயக்கம்?
– வாசகர், சேலம்

பதில்: தயக்கம் எதுவும் இல்லை, பொய் என்றால் பொய் என்று சொல்லிவிடுவேன். 2012 தொடருக்காக 1,181 கிராமங்களிலும் 1,114 நகரச் சந்தைகளிலும் ஆட்கள் போய் விலை கேட்டார்கள். அவர்களில் ஒருத்தி நான். எந்தக் கடை என்பது ரகசியம். ஓய்வு பெற்ற பிறகும் சொல்ல மாட்டேன். குறித்த நாளில், குறித்த கடையில், குறித்த சரக்கு. வெயிலில் நின்று கேட்டதெல்லாம் நினைவிருக்கிறது, ஏ.சி. மட்டும் நினைவில் இல்லை.

கீரையை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுகீரை ஒரு கட்டு 10 ரூபாய் என்பார் பாட்டி. ஐப்பசி மழையிலும் 10, தை மாதத்திலும் 10. அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தால் கீரை விலை வருடம் முழுவதும் அசையாமல் நிற்கும். எங்கள் வேலை, பாட்டியிடம் கெஞ்சி நாலைந்து கட்டுகளைத் தராசில் வைத்துப் பார்ப்பது. ஈரத்தை உதறிவிட்டு வைக்க வேண்டும்; இல்லையென்றால் தண்ணீருக்கும் சேர்த்து விலை எழுதுவோம். மழைக்காலத்தில் கட்டு ஒல்லியாகிவிடும், ரூபாய் மாறாது. கிராம் கணக்கில் போட்டால்தான் ஏற்றம் தெரியும். வியாபார நேரத்தில் வாங்காமல் நிறுத்துப் பார்க்கிறவளைக் கண்டால் எந்தப் பாட்டிக்குத்தான் பிடிக்கும்? வீட்டில் கீரைக் குழம்பு அடிக்கடி வைத்ததற்கு அதுதான் காரணம்.

நிஜமாகவே பொய் சொன்ன நாட்டைப் பார்க்க வேண்டுமானால் அர்ஜென்டினா இருக்கிறது. 2007 தொடக்கத்தில் அங்கே விலைக் குறியீட்டெண்ணைக் கணக்கிடும் பிரிவின் தலைவியைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அதன் பிறகு அரசின் எண் பல வருடங்கள் பத்து சதவீதத்தை ஒட்டியே ஓடியது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்த பொருளியலாளர் ஆல்பர்ட்டோ கவாயோ, சூப்பர் மார்க்கெட்டுகளின் இணையதள விலைகளைத் தினமும் இறக்கிக் கணக்கிட்டபோது அது இருபதைத் தாண்டியது. சொந்தமாகக் கணக்குப் போட்டு வெளியிட்ட தனியார் ஆலோசகர்களுக்கு அரசு அபராதம் விதித்தது; அபராதத்துக்குப் பயந்த அவர்களுக்குப் பதிலாக எதிர்க்கட்சி எம்.பி.க்கள் மாதாமாதம் அந்த எண்ணைத் தங்கள் பெயரில் அறிவித்தார்கள். 2013 பிப்ரவரியில் பன்னாட்டு நாணய நிதியம் அந்நாட்டைக் கண்டித்தது. நம் ஊர்க் குறை அந்த ரகம் அல்ல. நம்முடையது சோம்பல். 2011-12இன் செலவுப் பழக்கத்தை வைத்துக்கொண்டு 2025 வரை ஓட்டினோம். டேப் ரெக்கார்டரும் விசிடியும் பட்டியலில் இருந்தன. நான் எங்கே போய் டேப் ரெக்கார்டருக்கு விலை கேட்பது? 2024ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட புதிய தொடர் 2026இல் வந்த பிறகுதான் உணவின் பங்கு 37 ரூபாய்க்குப் பக்கத்தில் இறங்கியது.

கேள்வி: தங்கம் இந்தக் கணக்கில் வருமா, வராதா?
– பெண்ணுக்கு வரன் பார்ப்பவர், காரைக்குடி

பதில்: வரும். ஆனால் 2012 தொடரில் அதன் பங்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் சொச்சம். அதே 2025 அக்டோபரில் தங்கம் ஒரே வருடத்தில் ஐம்பது சதவீதத்துக்கும் மேல் ஏறியிருந்தது. தங்கத்தை எடுத்துவிட்டால் அந்தக் கால் சதவீதமும் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். உங்கள் வீட்டில் இந்த வருடம் அதன் பங்கு எத்தனை என்பதை நான் கேட்கவில்லை. சம்பந்தி வீட்டார் சொல்வார்கள்.

கேள்வி: ஐந்து வருடமாக 9,000 ரூபாய் வாடகையில் இருந்தோம். வீட்டுக்காரர் மகனுக்கு வேண்டும் என்று காலி செய்யச் சொன்னார். அதே தெருவில் அதே அளவு வீட்டுக்கு 14,000 கேட்கிறார்கள். வீட்டு வாடகை உயர்வு 3 சதவீதம்கூட இல்லை என்று அரசு சொல்வது எப்படி?
– தனியார் நிறுவன ஊழியர், கோவை

பதில்: 2025 அக்டோபரில் அது 2.96 சதவீதம். ஒரு குறிப்பிட்ட வீட்டைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய், அந்த வீட்டில் இருப்பவர் என்ன வாடகை கொடுக்கிறார் என்று கேட்பார்கள். நீங்கள் அந்த வீட்டில் இருந்தபோது நானே வந்திருந்தாலும் ‘9,000, மாற்றமில்லை’ என்றுதான் எழுதியிருப்பேன். ஊரில் ‘டு லெட்’ பலகை தொங்கும் வீடுகளின் விலை அல்ல அது; ஏற்கெனவே குடியிருக்கிறவர்களின் வாடகை. எந்த மாதத்திலும் குடியிருப்பவர்கள் அதிகம், குடிமாறுகிறவர்கள் குறைவு. அதனால் எண் மெதுவாகத்தான் நகரும். இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலான குடும்பங்கள் அந்த மாதத்தில் உண்மையில் கொடுத்த வாடகை அதுதான்.

ஆனால் பழைய தொடரில் நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாத ஒரு விஷயம் இருந்தது. அரசுக் குடியிருப்புகளையும் வாடகை வீடுகளோடு சேர்த்திருந்தார்கள். அவற்றில் குடியிருப்பவர் இழக்கும் வீட்டு வாடகைப்படியை வாடகையாகக் கொண்டார்கள். 2017இல் ஏழாவது ஊதியக் குழுவின்படி அந்தப் படி உயர்ந்ததும், எந்த வீட்டுக்காரரும் ஒரு ரூபாய்கூட ஏற்றாமலே நாட்டில் வாடகை ஏறியதாகக் குறியீட்டெண் காட்டியது. படி உயராத வருடங்களில் அது சும்மா கிடந்து எண்ணைத் தாழ்த்தியது. புதிய தொடரில் அவற்றை எடுத்துவிட்டார்கள். நல்ல வேலை. பழைய தொடரில் கிராமத்து வாடகைக்கு இடமே இல்லாதிருந்த குறையும் இப்போது தீர்ந்தது.

எந்தத் தொடரிலும் வராதது உங்கள் அட்வான்ஸ். பத்து மாத வாடகை என்று வைத்துக்கொண்டால் 90,000 திரும்பக் கையில் வாங்கி 1,40,000 கொடுக்க வேண்டும். அந்த 50,000ஐ நூற்றுக்கு இரண்டு வட்டியில் புரட்டினால் மாதம் ஆயிரம் ரூபாய். உங்களுக்கு அந்த வீட்டின் வாடகை 14,000 அல்ல, 15,000. வெள்ளையடித்ததற்கு என்று பழைய வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மின்கட்டணம் வீடுகளுக்கு ஏறவில்லை என்கிறார்கள். என் பில் எகிறிவிட்டதே?
– வாசகி, திருச்சி

பதில்: 2025 ஜூலை உயர்வை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது உண்மை. நீங்கள் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்ற கோட்டைத் தாண்டியிருக்கிறீர்கள். 2025 கட்டணப்படி அதுவரை முதல் 100 இலவசம், அடுத்த 100க்குப் பாதி விலை. 501ஆவது யூனிட் ஓடியதும் அந்தப் பாதி விலைச் சலுகை மொத்தமாகப் போய்விடும், மேலே போகும் யூனிட்டுகளும் உயர்ந்த படிக்கட்டில் ஏறும். விலைப்பட்டியல் அசையாமலே உங்களுக்கு மட்டும் விலை ஏறும் வித்தை இது. மே மாதத்தில் மீட்டரை நீங்களே ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

கேள்வி: பிஸ்கட் பாக்கெட் 5 ரூபாய் அப்படியே இருக்கிறது, உள்ளே பிஸ்கட் குறைந்துகொண்டே போகிறது. இதையெல்லாம் கணக்கில் எடுப்பீர்களா?
– பெட்டிக்கடைக்காரர், கும்பகோணம்

பதில்: எடுப்போம். நான் எழுதியது ‘பாக்கெட் 5 ரூபாய்’ என்று மட்டும் அல்ல, எத்தனை கிராம் என்பதையும் சேர்த்துத்தான். பாக்கெட் இளைத்தால் கிராம் விலை ஏறும், குறியீட்டெண்ணும் ஏறும். கிராமுக்கு எவ்வளவு என்ற அலகு விலையையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது இப்போது விதி, எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், உங்கள் கடைக்கு வரும் பிள்ளைகளிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

எடை குறைந்தால் பிடித்துவிடலாம். தரம் குறைந்தால்தான் சிரமம். 2023 நவம்பரில், 4.5 சதவீதக் கொழுப்புள்ள பச்சைப் பாக்கெட்டின் இடத்தில் 3.5 சதவீதக் கொழுப்புள்ள ஊதாப் பாக்கெட்டை லிட்டர் அதே 44 ரூபாய்க்கு ஆவின் கொண்டுவந்தபோது எழுந்த சத்தம் நினைவிருக்கலாம். அங்கே கொழுப்பின் அளவு பாக்கெட்டில் அச்சாகியிருந்தது, அதனால் கேள்வி கேட்க முடிந்தது. ஓட்டல் சாப்பாட்டில் என்ன அச்சாகியிருக்கிறது? நான் விலை எடுத்துவந்த ஒரு சிறிய ஓட்டலில் சாப்பாட்டு விலை வெகுகாலம் மாறவே இல்லை. முதலில் இரண்டு பொரியல் ஒன்றாகியது. பிறகு அப்பளம் நின்றது. மோர் தண்ணீரானது. கடைசியில் ‘அளவுச் சாப்பாடு’ என்று புதுப் பலகை மாட்டிவிட்டார், அதற்கும் பழைய விலைதான். படிவத்தில் எழுத ஒரே கட்டம்தான் இருக்கும். நான் அப்பளம் நின்ற மாதத்தைக் குறிப்புப் பகுதியில் எழுதி அனுப்பினேன். மேலே இருந்தவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற மில் தொழிலாளி. பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு வருடத்துக்கு இரண்டு முறை பென்ஷன் ஏறுகிறது. எனக்கு ஏறவே இல்லை. இருவரும் ஒரே கடையில்தானே அரிசி வாங்குகிறோம்?
– வாசகர், இராஜபாளையம்

பதில்: ஒரே கடைதான், ஆனால் அவருக்குக் குறியீட்டெண் உண்டு, உங்களுக்கு இல்லை. தொழிலாளர் பணியகம் தனியாக ஒரு எண்ணை மாதாமாதம் வெளியிடுகிறது: தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண். சென்னை, கோவை, மதுரை, சேலம், குன்னூர் போன்ற தொழில் மையங்களில் உங்களைப் போன்ற தொழிலாளர் குடும்பங்கள் வாங்கும் பொருள்களின் விலையை வைத்துப் போடுவது அது. அந்த எண்ணின் பன்னிரண்டு மாதச் சராசரியை வைத்து ஜனவரியிலும் ஜூலையிலும் மத்திய அரசு அகவிலைப்படியை உயர்த்துகிறது. மாநில அரசும் அதைப் பின்பற்றுகிறது. தொழிலாளியின் பெயரில் எடுத்த எண் ஆசிரியருக்கும் அதிகாரிக்கும் பயன்படுகிறது. என் பென்ஷனும் அதில்தான் ஏறுகிறது. மில் தொழிலாளிக்கு உதவவில்லை.

நீங்கள் வாங்குவது தொழிலாளர் வருங்கால வைப்புநிதியின் 1995ஆம் வருட ஓய்வூதியத் திட்டம். அதன் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. விலைவாசியோடு அதற்கு முடிச்சுப் போடவில்லை. நீங்கள் குறை சொல்லும் அரசின் எண்ணையே எடுத்துக்கொண்டாலும், 2025 அக்டோபரில் அந்த ஆயிரத்துக்கு 2014இன் 600 ரூபாய்ச் சரக்குதான் கிடைத்தது. என்னைக் கேட்டால், பணவீக்கம் சரியாக அளக்கப்படுகிறதா என்ற சண்டையைவிட, அளந்த எண் யாருடைய வருமானத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்ற சண்டைதான் முதலில் போட வேண்டியது.

கேள்வி: நூறு நாள் வேலைக் கூலிக்கும் இப்படி ஒரு எண் உண்டா?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: உண்டு, விவசாயத் தொழிலாளர் குறியீட்டெண். அதை வைத்துத்தான் அந்தக் கூலியை வருடாவருடம் திருத்தினார்கள். தமிழ்நாட்டில் 2024-25இல் 319, 2025-26இல் 336. கேட்டால் சிரிப்பீர்கள், 2025 வரை அதன் அடிப்படை ஆண்டு 1986-87. பங்குகள் 1983இல் கேட்டறிந்த செலவிலிருந்து வந்தவை. செல்போனும் டியூஷனும் மினரல் வாட்டர் கேனும் இல்லாத காலத்துக் குடும்பத்தை வைத்து இன்றைய கூலியைத் திருத்திக்கொண்டிருந்தோம். உணவின் பங்கு அதில் நூற்றுக்கு அறுபத்தொன்பது ரூபாய். 2025இல்தான் 2019க்கு மாற்றினார்கள்.

கேள்வி: பெண்களுக்குப் பஸ் இலவசம் ஆனது. அப்படியானால் எங்கள் விலைவாசி குறைந்திருக்க வேண்டுமே?
– ஜவுளிக்கடை ஊழியர், தஞ்சாவூர்

பதில்: 2021 மே முதல் சாதாரண நகரப் பஸ்ஸில் உங்களுக்கு டிக்கெட் இல்லை. அந்தப் பஸ்ஸில் ஏறுகிறவரை உங்கள் வீட்டுச் செலவு நிச்சயம் குறைந்தது, மறுக்க முடியாது. அரசுப் பஸ் கட்டணமும் 2018 ஜனவரிக்குப் பிறகு ஏறியதாக நான் எழுத வேண்டியிருக்கவில்லை. ஆனால் இரவு ஒன்பதரைக்குக் கடை மூடி, பஸ் இல்லாமல் ஷேர் ஆட்டோவில் போகிறீர்களே, அந்த 20 ரூபாயை உங்கள் நோட்டில் நீங்கள்தான் எழுத வேண்டும். கட்டணம் ஏறவில்லை என்பதை எண் சொல்லும். பஸ் வரவில்லை என்பதை அது சொல்லாது.

கேள்வி: எங்கள் நாட்டில் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது என்றார்கள். பாண் (ரொட்டி) விலை பழையபடி ஆகவில்லையே?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உங்கள் பணவீக்கம் 69.8 சதவீதம். அடுத்த செப்டம்பரில் 1.3. அதற்கடுத்த செப்டம்பரில் பூச்சியத்துக்குக் கீழே அரை. 2021இல் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான்கள் ஏறக்குறைய 170 ஆகி, 172 ஆகி, 171இல் நின்றன. ஏறும் வேகம் நின்றதைத்தான் கொண்டாடினார்கள். ஏறிய 70 ரூபாய் அப்படியே இருக்கிறது. சம்பளமும் 171 ஆகியிருந்தால் சரி. இன்னொன்று, அந்தச் சுட்டெண் கொழும்பு நகரத்து விலைகளை வைத்துப் போடுவது. யாழ்ப்பாணமும் சேர்ந்த கணக்கு வேண்டுமானால் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு நாங்களே ஒரு குறியீட்டெண் போட முடியுமா? எளிதாகச் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: முடியும், கூட்டலும் வகுத்தலும் போதும். உங்கள் வீட்டில் அதிகப் பணம் போகும் இருபது, இருபத்தைந்து விஷயங்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ரகம், எடை, கடை மூன்றையும் எழுதிவிடுங்கள்: ‘பொன்னி புழுங்கல், 25 கிலோ மூட்டை, இன்ன கடை’ என்கிற அளவுக்கு. மாதம் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பதை ஒருமுறை எழுதி, வருடம் முழுவதும் அந்த அளவை மாற்றாதீர்கள். மாதத்தின் ஒரு குறிப்பிட்ட தேதியில் விலையை மட்டும் கேட்டு எழுதுங்கள், அன்றைக்கு வாங்காவிட்டாலும். பள்ளி, கல்லூரிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ், வீட்டு வரி போன்றவற்றைப் பன்னிரண்டால் வகுத்துச் சேருங்கள். வீட்டுக் கடன் தவணையைச் சேர்க்காதீர்கள். அது கடனும் சேமிப்புமாகக் கலந்த சமாசாரம், தனிப் பக்கத்தில் இருக்கட்டும்.

கடைசிப் பக்கத்துக்கு ‘நிறுத்தியவை’ என்று தலைப்புப் போடுங்கள். நெய்யிலிருந்து டால்டாவுக்கு மாறியது, வாரம் இரண்டு முறை மீன் வாங்கியது ஒன்றானது, அப்பா பல் டாக்டரிடம் போகாமல் தள்ளிப்போட்டது எல்லாம் அங்கே வரட்டும். இவற்றை எந்த அரசு எண்ணும் உங்களுக்குச் சொல்லாது. அம்மாவிடம் கேட்டால் ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்று அவரும் மறைப்பார், நச்சரித்துக் கேளுங்கள்.

அரிசி மூட்டை எந்த மாதம் வாங்கியதோ அந்த மாதச் செலவில் முழு மூட்டையையும் ஏற்றிவிடாதீர்கள். ஏற்றினால் அந்த ஒரு மாதத்தில் நாகர்கோவில் அர்ஜென்டினாவைத் தாண்டிவிடும்.